டபரா அளவுக்கு ஒரு பேரிக்காய் க்ரம்பிள்

குன்னூரில் எங்கள் வீட்டில் இப்போது இரண்டே பேர். அக்காவுக்கு 68, எனக்கு 61. அம்மா நோட்டில் எழுதி வைத்த பேரிக்காய் க்ரம்பிள் அளவோ எட்டுப் பேருக்கானது. அவள் அதை எழுதியபோது வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பார்த்தார். எஸ்டேட் பங்களாவில் சமையல் செய்த ஒருவரின் மனைவியிடம் கற்றுக்கொண்டு வந்து அம்மா இதைச் செய்ய ஆரம்பித்தாள். க்ரம்பிள் இங்கிலாந்துக்காரர்களின் பண்டம். இரண்டாம் உலகப் போரில் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்குப் போனபோது, பழத்தை மாவால் முழுதாக மூடிச் செய்யும் ‘பை’ (pie) என்ற பண்டத்தைவிட இது சிக்கனம் என்று அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. பழத்தின் மேலே உதிரி மாவைத் தூவி ஓவனில் வைத்தால் வேலை முடிந்தது.

எட்டுப் பேர் அளவை இரண்டு பேர் வீட்டில் செய்தால் என்ன ஆகும் என்று பல வருடம் பார்த்துவிட்டேன். முதல் நாள் மேல்மாவு மொறுமொறுவென்று இருக்கும். மறுநாளே பழத்தின் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகும். அக்காவுக்கு எதையும் கொட்ட மனசு வராது, நான்கு நாள் உட்கார்ந்து அதையே தின்று தீர்ப்பாள். போன வருடம் டாக்டர் அவளுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்னதும் இனி அந்த ட்ரே வேண்டாம் என்று முடிவு செய்தேன். க்ரம்பிளை விட்டுவிடவும் இருவருக்கும் மனமில்லை. மாதம் ஒரு முறை, ஆளுக்கு ஒரு கிண்ணம், மிச்சம் என்று ஒரு ஸ்பூன்கூட இல்லாமல் செய்ய வேண்டும். ஆடி மாதம் பேரிக்காய் வந்ததும் ஆரம்பித்தேன். சரியாக வர ஆறு சுற்று ஆனது. ஒவ்வொரு சுற்றிலும் எடை, நேரம், வெப்பம் மூன்றையும் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேக்கை விட்டு க்ரம்பிளை எடுத்ததற்கு அம்மாவின் நோட்டைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கேக்கைக் குறைக்கும்போது முட்டையில் வந்து மாட்டிக்கொள்வோம். ஒன்றேகால் முட்டை என்று கணக்கு வந்தால், அடித்து எடை போட்டுப் பிரிக்க வேண்டும், மீதியை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். க்ரம்பிளில் முட்டையும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. மாவு, வெண்ணெய், சர்க்கரை, பழம், அவ்வளவுதான். எத்தனை கிராமுக்கு வேண்டுமானாலும் குறைக்கலாம். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு மட்டும் கட்டாயம் வேண்டும். எட்டுப் பேர் அளவில் பத்து கிராம் முன்னே பின்னே போனால் தெரியாது, இரண்டு பேர் அளவில் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

அம்மாவின் அளவு இது: தோல் சீவி நறுக்கிய பேரிக்காய் 1,200 கிராம், பழத்தில் சேர்க்கச் சர்க்கரை 60 கிராம், அரை மூடி எலுமிச்சை. மேலே தூவ மைதா 300, வெண்ணெய் 200, சர்க்கரை 100 கிராம். ட்ரே 33க்கு 23 சென்டிமீட்டர். 180 டிகிரி, முக்கால் மணி நேரம்.

எட்டில் இரண்டு பேர் என்றால் கால் பங்கு. முதல் சுற்றில் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். எல்லாவற்றையும் நான்கால் வகுத்து, வீட்டில் இருந்த இரண்டு பீங்கான் கப்புகளில் போட்டேன். 8 சென்டிமீட்டர் வாய், 7 சென்டிமீட்டர் ஆழம். மாவு கப்பின் வாய்க்கு மேலே குவிந்து நின்றது. அரை மணியிலேயே மேலே பழுப்பேறிவிட்டது. முக்கால் மணிக்கு எடுத்தபோது மேலே கருத்திருந்தது, சாறு வழிந்து அடித்தட்டில் தீய்ந்திருந்தது. ஸ்பூனை உள்ளே விட்டால் நடுவில் பசை மாதிரி பச்சை மாவு. அதற்குக் கீழே பேரிக்காய், பச்சையாகக் கடிப்பதுபோல நறுக்கென்று. அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “மேல வெந்துருக்கு, கீழ வெந்துருக்கணும், நடுவுல யாரு வேக வைப்பா?” என்றாள்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ட்ரேயின் பரப்பு 33 பெருக்கல் 23, அதாவது 759 சதுர சென்டிமீட்டர். அதில் கால் பங்கு ஏறக்குறைய 190. என் கப்பின் வாய்ப் பரப்பு ஒன்றுக்கு 50, இரண்டும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர்தான். 190 சதுர சென்டிமீட்டரில் பரவ வேண்டிய மாவை 100-க்குள் அடைத்திருக்கிறேன். அம்மாவின் ட்ரேயில் மேல்மாவு ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கும். கப்பில் அதுவே மூன்று சென்டிமீட்டர். பழத்தின் கதையும் அதேதான், ட்ரேயில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம், கப்பில் ஐந்து. வெப்பம் வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும், கனம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அதுவரை மேற்பரப்பு எப்படித் தாங்கும்?

நான் ஆளை எண்ணி வகுத்தேன். வகுக்க வேண்டியது பாத்திரத்தின் வாயை அளந்து. எட்டு ஆளா இரண்டு ஆளா என்பது ஓவனுக்குத் தெரியாது, மாவு எவ்வளவு கனம், பழம் எவ்வளவு ஆழம் என்பதுதான் அதற்குத் தெரியும். அந்த இரண்டும் மூல அளவில் எப்படியோ அப்படியே சின்னப் பாத்திரத்திலும் இருந்தால் வெப்பமும் நேரமும் பெரிதாக மாறாது. ஆறு சுற்றில் நான் கற்றதில் இதுதான் பெரியது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இரண்டு கிலோ பேரிக்காய் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் சுற்றில் அதே கப்பில் மேல்மாவை மட்டும் பாதியாக்கினேன். அரை மணி நேரத்தில் மாவு அருமையாக வந்தது. பழம் மட்டும் வேகவே இல்லை. கப்பின் ஆழத்துக்கு மருந்து கிடையாது, பாத்திரத்தையே மாற்ற வேண்டும். ரமெக்கின் என்று சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்கள் கடையில் கிடைக்கின்றன. வாங்கப் புறப்பட்டவளை அக்காதான் நிறுத்தினாள். அலமாரியிலிருந்து இரண்டு காபி டபராவை எடுத்து வைத்து, “இது ஆகாதா?” என்றாள்.

ஆகும், பிரமாதமாக ஆகும். அம்மா காலத்து எவர்சில்வர் டபரா, வாய் 10 சென்டிமீட்டர், உயரம் நாலரை. அடி தட்டையாக இருப்பதால் கம்பித் தட்டில் ஆடாமல் நிற்கும். விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் இடுக்கியில் பிடித்து எடுக்கவும் வசதி. மெல்லிய எவர்சில்வர் தடித்த பீங்கானைவிடச் சீக்கிரம் சூடேறும், அதனால் அடிப் பழம் முதல் பத்து நிமிடத்திலேயே கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. வாய்ப் பரப்பு ஒன்றுக்கு 78 சொச்சம், இரண்டும் சேர்ந்து 157. அம்மாவின் அளவை 157-ஆல் பெருக்கி 759-ஆல் வகுத்தால் மேல்மாவு 124 கிராம் வருகிறது. அதை 120 ஆக்கினால் மைதா 60, வெண்ணெய் 40, சர்க்கரை 20. மூன்று, இரண்டு, ஒன்று என்ற அம்மாவின் விகிதம் உடையாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பழம் 250 கிராம், பழத்துக்குச் சர்க்கரை 12 கிராம். கணக்கு இப்படி நேராக வந்து விழுந்ததைப் பார்த்து அன்று எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஆனால் பழம் மூன்றாம் சுற்றிலும் கடித்தது, நான்காம் சுற்றிலும் கடித்தது. மூன்றாவதில் நறுக்கிய பேரிக்காயை எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு அரை மணி ஊற வைத்தேன். நான்காவதில் அதே கலவையை வாணலியில் பத்து நிமிடம் வதக்கிவிட்டே டபராவில் போட்டேன். ஓவனில் அரை மணி போன பிறகும் துண்டுகள் விறைப்பாகவே இருந்தன.

இதில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

ஒன்று, எங்கள் ஊரின் உயரம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓவனை 180-ல் வைத்தாலும் 200-ல் வைத்தாலும், ஈரம் உள்ளவரை பழத்தின் உள்ளே சூடு அதன் கொதிநிலையை ஒட்டித்தான் நிற்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் கிட்டத்தட்ட நூறு டிகிரியில் வேகிற பழம் இங்கே 94-ல் வேக வேண்டும், அதனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. பருப்புக்குக் குக்கர் இல்லாமல் மலையில் குடித்தனம் நடத்த முடியாது என்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதிதான். பழத்துக்கும் அது பொருந்தும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு, எலுமிச்சையும் சர்க்கரையும். பழத்தின் திசுக்களை ஒட்டவைத்துப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் பழம் குழையும். புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்தும், சர்க்கரையும் துண்டுகளை விறைப்பாக வைத்திருக்கும். தக்காளியோ புளியோ சேர்த்த பிறகு உருளைக்கிழங்கைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் கெட்டியாகவே நிற்குமே, அதே விஷயம்தான். வேக வேண்டிய பழத்தை வேகாதபடி நானே கட்டிப் போட்டுவிட்டு ஓவனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதை அக்கா சொன்னாள். “அம்மா எப்பவாவது கடையில வாங்கின அன்னிக்கே பண்ணியிருக்காளா? அரிசிப் பானையில வெச்சிருப்பாளே, உனக்கு ஞாபகம் இல்லியா?” அவள் சொன்னதும் எனக்கு அந்தப் பானையின் வாசனையே வந்துவிட்டது. பேரிக்காயை மரத்திலேயே பழுக்க விடுவதில்லை. முற்றிய காயாகப் பறித்து, வைத்திருந்துதான் பழுக்க வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டுப் பேரிக்காய் பறித்த அன்று கல் போல இருக்கும். அம்மா அரிசிக்குள் புதைத்து ஒரு வாரம் விட்டுவிடுவாள், பழம் விடுகிற வாயு வெளியே போகாமல் சுற்றியே நிற்பதால் சீக்கிரம் கனியும். காம்பை ஒட்டி விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அதுதான் பதம். நோட்டில் அவள் இதை எழுதவில்லை. பானையில் பழம் இருக்கும் என்பது அவளுக்கு எழுத வேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது.

ஐந்தாம் சுற்றில் பழத்தை வேக வைக்கும் வரிசையை மாற்றினேன். பத்து கிராம் வெண்ணெய், மூன்று ஸ்பூன் தண்ணீர், பேரிக்காய் மட்டும். மூடி போட்டுச் சிறு தீயில் எட்டு நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கிய பிறகுதான் சர்க்கரை, அப்புறம் எலுமிச்சை. பழம் முதல் தடவையாகப் பஞ்சு போல வந்தது. ஆனால் அதே சுற்றில் மேல்மாவில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச்சர்க்கரையும் போட்டிருந்தேன். மாவு மொறுமொறுப்பில்லாமல் புட்டு போல மெத்தென்று வந்துவிட்டது. இரண்டையும் ஒரே சுற்றில் மாற்றியது என் தவறு, எது எதனால் என்று பிரித்துப் பார்க்க இன்னும் ஒரு தடவை செய்ய வேண்டியதாயிற்று. நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ளது. பழத்தோடு சேர்ந்தால் அருமையான வாசனை, மேலே தூவினால் மொறுமொறுப்பு போய்விடும். ஆகவே கீழே நாட்டுச்சர்க்கரை, மேலே வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச்சர்க்கரை என்பதால் அக்காவுக்கு நல்லது என்று நினைத்துப் போடவில்லை, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஓவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது 19 லிட்டர் ஓடிஜி. உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கம்பித் தட்டில் நிறுத்திப் பார்த்தேன். குமிழை 180-ல் வைத்தால் முள் 165-க்கும் 205-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கம்பி பழுக்கும், அணையும், மறுபடி பழுக்கும். சின்ன ஓவனில் மேல் கம்பி பாத்திரத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும், அது பழுக்கிற ஒவ்வொரு முறையும் மாவின் முகத்தில் நேராகச் சூடு அடிக்கும். மூன்றாம் சுற்றில் ஒரு டபராவில் ஒரு பக்கம் மட்டும் தீய்ந்தது இதனால்தான். கம்பித் தட்டைக் கீழ்க் காடிக்கு இறக்கி, முதல் 15 நிமிடம் கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, அப்புறம் இரண்டையும் போட்டதும் சரியாகிவிட்டது. டபராக்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளியும் விட வேண்டும்.

ஆறாம் சுற்றில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பானையில் நான்கு நாள் இருந்த பேரிக்காய், பெரியதாக இரண்டு. தோல் சீவி, நடுப்பகுதியைத் தாராளமாகவே தோண்டி எடுத்தேன். பேரிக்காயில் மணல் போல நறநறவென்று ஒன்று நாக்கில் படுமே, அது விதையைச் சுற்றித்தான் அதிகம், எவ்வளவு வேக வைத்தாலும் கரையாது. இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி எடை பார்த்தால் 250 கிராம். கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரில் போட்டு வடித்தேன். வெண்ணெயும் தண்ணீரும் சேர்த்து மூடி போட்டு வேக வைத்தேன், கனிந்த பழம் என்பதால் ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. 12 கிராம் நாட்டுச்சர்க்கரை போட்டு ஒரு கொதி விட்டு, இறக்கும்போது ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. அம்மா பட்டை போடுவாள். பட்டை சின்ன அளவில் சட்டென்று தூக்கலாகிவிடுகிறது, சுக்கு பேரிக்காயோடு இணக்கமாகப் போகிறது என்பது என் கட்சி. அக்கா இன்னும் பட்டை பக்கம்தான்.

மைதா 60 கிராமில் ஒரு துளி உப்பு சேர்த்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 40 கிராமைச் சின்னத் துண்டுகளாகப் போட்டு, விரல் நுனியால் பிசிறினேன். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகி மாவு உருண்டையாகிவிடும். ரவை பதம் வந்ததும் சர்க்கரை 20 கிராம். அப்புறம் கையால் லேசாகப் பிடித்து, சுண்டைக்காய் அளவில் சில கட்டிகளும் மீதி உதிரியுமாக விட்டு, இருபது நிமிடம் ஃப்ரீசரில் வைத்தேன். சின்ன டபராவில் இந்தக் கட்டிகள் முக்கியம். எல்லாம் பொடியாக இருந்தால் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு பிஸ்கட் மூடி போட்ட மாதிரி ஆகிவிடும், ஆவி வெளியேற வழியில்லாமல் சாறு விளிம்பு வழியே பொங்கும். தூவிய பிறகு அழுத்தக் கூடாது.

ஓவனைப் பத்து நிமிடம் காய வைத்து, கீழ்க் கம்பியில் 15 நிமிடம், இரண்டு கம்பியில் 12 நிமிடம். விளிம்போரம் சாறு பொன்னிறமாகக் குமிழிவிட்டது, மேலே முந்திரியை நெய்யில் வறுத்த நிறம். உடனே சாப்பிட்டால் நாக்கு வெந்துவிடும், சாறும் தண்ணியாக இருக்கும். பத்து நிமிடம் விட்டால் சாறு இறுகிப் பழத்தோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் காய்ச்சிய பாலின் ஏட்டைக் குளிர வைத்திருந்தாள் அக்கா. சூடான டபராவில் ஒரு ஸ்பூன் போட்டதும் அது மாவின் இடுக்குகளில் இறங்கியது. அக்கா ஒன்றுமே பேசாமல் சாப்பிட்டாள். முடித்துவிட்டு டபராவை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டினாள்.

ஆளுக்குச் சேர்த்த சர்க்கரை 16 கிராம், ஏறக்குறைய நான்கு டீஸ்பூன். மைதாவும் பழத்தின் சொந்த இனிப்பும் அதற்கு மேலே. இது சர்க்கரைக்காரர்களுக்கான பலகாரம் இல்லை, அளவு அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது ஒன்றுதான் இதில் நல்லது. அன்று ராத்திரி அக்கா சோற்றைக் குறைத்துக்கொண்டாள்.

ஓவன் இல்லாதவர்களுக்காக ஒரு தடவை அடுப்பிலும் செய்து பார்த்தேன். குக்கரில் உப்பு கொட்டி அதன்மேல் வைக்கும் முறை க்ரம்பிளுக்கு ஒத்துவராது, மேலே உலர்ந்த சூடு இல்லாததால் மாவு சிவக்காமல் ஆவியில் நனைகிறது. அதைவிட மேல்மாவை அடி கனமான வாணலியில் சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம் கிளறி வறுத்து, வேக வைத்த பழத்தின் மேல் பரிமாறும்போது தூவுவதே மேல். அடியில் சாறும் மாவும் சேர்ந்து வரும் அந்தப் பிசுபிசுப்பு மட்டும் கிடைக்காது.

வேறு பழம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் எங்கள் பக்கம் ப்ளம்ஸ் வர ஆரம்பிக்கும். அது பேரிக்காய்க்கு நேர் எதிர், சாறு அதிகம், வேக வைக்கவே வேண்டாம். கொட்டை நீக்கி நான்காக நறுக்கி, 250 கிராமுக்கு 25 கிராம் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் சோள மாவும் (கார்ன்ஃப்ளோர்) புரட்டி நேராக டபராவில் போடலாம். சோள மாவு இல்லாவிட்டால் சாறு மேலே ஏறி மாவை நனைத்துவிடும்.

மேல்மாவை ஒரேயடியாக மூன்று மடங்கு பிசிறி, 60 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் தாங்குகிறது, உறைந்தபடியே தூவலாம். போன வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வர நேரமாகும் என்றாள். என் டபராவை மட்டும் முதலில் வைத்தேன், தனியாக வைத்தால் கடைசிக் கட்டம் 12 நிமிடத்துக்குப் பதில் 10-லேயே முடிந்துவிடுகிறது. அவளுடையதில் பழத்தை மட்டும் போட்டு மூடி வைத்திருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் பொட்டலத்தைப் பிரித்துத் தூவி உள்ளே தள்ளினேன்.